திரையின் நெற்றியில் சந்தனம்

விஜயதசமியன்று காலை பத்து மணிக்கு, கடலலைக் குடியிருப்பின் செயலாளர் வைகுண்டமணி வீட்டு மேசைக்கணினி கண்ணைத் திறக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. விசிறி சுற்றியது, பெட்டி முனகியது, இரண்டு முறை கீச்சிட்டது, அதோடு சரி. திரை கரும்பலகையாகவே நின்றது.

திரை கரும்பலகையாக இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. நோக்குத்திரை வந்த பிறகு, இந்தப் பதினெட்டு ஆண்டுகளாக, எல்லார் திரையும் எல்லாருக்கும் கரும்பலகைதான், உடையவர் ஒருவரைத் தவிர. திரையின் மேல் விளிம்பில் எள்ளளவு ஒரு கண் உண்டு. நோக்குக்கண் என்று பெயர். அது உடையவரின் கருவிழி இரண்டையும் தேடிப் பிடித்து, ஒளியை ஊசி ஊசியாக அந்த விழிகளுக்குள் மட்டும் செலுத்தும். ஒட்டி உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டிக்குக்கூட ஒரு துளி சிந்தாது. அந்தரங்கத்தைக் காக்க வந்த வரம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். பக்கத்து இருக்கைக்காரர் யாரோடு கொஞ்சுகிறார் என்று ஓரக்கண்ணால் படித்துக்கொண்டே திருச்செந்தூர் வரை பேருந்தில் பொழுதுபோக்கிய ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைய அதிசயம் என்னவென்றால், வைகுண்டமணிக்கே வைகுண்டமணியின் திரை கருப்பாகத் தெரிந்தது. மாலை நான்கு மணிக்குக் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். ஆண்டறிக்கை, தீர்மானங்கள், மறுபடியும் அவரையே செயலாளராக முன்மொழியப்போகிறவர்களின் பட்டியல், எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

உடன்குடித் திரைவைத்தியர் காளி வேஷம் கட்டிக் குலசைக் கோயில் தசராவுக்குப் போயிருந்தார். பரமன்குறிச்சிக்காரர் குறவன் வேஷம். தசராவுக்கு மாலை போட்ட வைத்தியர்களை ஒவ்வொருவராகக் கழித்துப் பார்த்ததில் மிச்சம் ஒரே ஆள்தான். அந்தப் பெயரைச் சொல்ல வைகுண்டமணிக்கு வாய் வரவில்லை. அவர் மனைவி தங்கக்கனிதான் நான்காம் மாடிக்கு ஏறிப் போனாள்.

"அவிய கெடந்து தவிக்காவ. கொஞ்சம் வந்து பாத்திரும்மா," என்றாள் வாசலில் நின்றபடி.

சண்முகவடிவு கைப்பையை எடுத்தாள். அதில் எல்லாம் அடுக்கி வைத்தபடி இருந்தது. ஏழு ஆண்டுகளாக இந்தக் கதவு தட்டப்படும் என்று காத்திருந்தவளுக்குத் தேடி எடுக்க என்ன இருக்கிறது?

விஷயம் இதுதான். திரைவைத்தியம் என்பது கேட்டு வைத்தியம். வைத்தியர் கண்ணுக்கும் நோயாளித் திரை கருப்புதான். 'என்ன தெரியுது?' என்று கேட்க வேண்டும். உடையவர் என்ன சொல்கிறாரோ அதுவே முடிவு. அப்படித்தான் உரிமப் புத்தகத்தின் முதல் விதி சொல்கிறது. நோக்குக்கண் அடியோடு செத்துப்போன கணினிகளுக்கு மட்டும் வைத்தியர் கையில் ஒரு திறவுகோல் உண்டு. உடையவர் கைரேகை வைத்த பிறகு அதைச் செருகினால் திரை எல்லார் கண்ணுக்கும் திறந்துகொள்ளும். வேலை முடிந்ததும் பூட்டிவிட வேண்டும். திறந்த திரையைப் பூட்டாமல் வைத்தியர் இடத்தைவிட்டு நகர்ந்தால் உரிமம் ஆயுளுக்கும் போய்விடும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் சங்கத்தின் புகார்ப்பெட்டியில் பெயரில்லாமல் ஒரு வரி விழுந்தது. 'சண்முகவடிவு திருட்டுத்தனமாகத் திறவுகோலைச் செருகி வீட்டுத் திரைகளைப் பார்க்கிறாள்.' வைகுண்டமணி அதைப் பொதுக்கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். வாசித்ததோடு விடாமல் உரிம அலுவலகத்துக்கும் அனுப்பினார். மூன்று ஆண்டு உரிமம் நிறுத்தம். யார் எழுதியது என்று அவள் கேட்டதற்கு, பெட்டியில் பெயரே பதிவாகாது, எனக்கே தெரியாது என்று கையை விரித்தார். எந்தப் பெட்டியிலும் பெயர் பதிவாகாமல் இருக்காது என்பது சண்முகவடிவுக்குத் தெரியும். அவள் தொழிலே அதுதான்.

உரிமம் போனதுகூட அவளை அவ்வளவு சுடவில்லை. அந்த மூன்று ஆண்டில் அவள் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், வீட்டுக்காரர்கள் எழுந்து போய்த் திரைமேல் ஒரு துண்டைப் போட்டார்கள். ஏற்கெனவே கருப்பாக இருக்கிற திரைமேல், துவைத்துக் காயப்போட்ட துண்டு. அந்தத் துண்டுகளின் நிறம், கரை, கிழிசல் எல்லாம் அவளுக்கு இன்னும் மனப்பாடம். இரண்டாம் மாடி இசக்கியம்மாள் ஒருத்திதான் துண்டு போடாதவள். தூக்குச்சட்டியில் குழம்பு கொண்டுவந்து வைத்து, 'எழுதின கை வெளங்குமா?' என்று அவளுக்காகச் சாபம்கூடப் போட்டாள்.

ஆகவே சண்முகவடிவுக்கு இரண்டு வேண்டியிருந்தது. அந்தப் பெயர் ஒன்று. அதே சபையில், அதே கூட்டத்தின் முன்னால், வைகுண்டமணி கூசி நிற்பது இன்னொன்று.

அறைக்குள் நுழைந்ததும் கோளாறு அவளுக்குத் தெரிந்துவிட்டது. வைத்தியம் தெரியாதவர்களுக்கும் தெரிந்திருக்கும், பக்தி கொஞ்சம் குறைவாக இருந்தால். முந்தின நாள் ஆயுத பூஜை. தங்கக்கனி ஆண்டுதோறும் கணினிப் பெட்டியின் வயிற்றில்தான் சந்தனம் வைப்பாள். இந்த ஆண்டு, நெற்றி இருக்கும்போது வயிற்றில் எதற்கு என்று தோன்றியிருக்கிறது. திரையின் மேல் விளிம்பில், சரியாக நடுவில், கட்டைவிரல் அகலத்துக்குக் கெட்டிச் சந்தனம். அதன் நடுவே குங்குமம். அதற்குப் பின்னால், எள்ளளவு நோக்குக்கண்.

உடையவரைக் காணாமல் கணினி தொடங்காது. அந்த இரண்டு கீச்சுக்கும் பொருள் அதுதான். ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். வாசலில் செருப்பைக் கழற்றிய நேரத்தைவிடக் குறைவான வேலை.

சண்முகவடிவு பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"என்ன தெரியுது, அண்ணாச்சி?"

"ஒண்ணும் தெரியலம்மா," என்றார் வைகுண்டமணி. பழையதெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுபோல ஒரு சிரிப்பையும் சேர்த்தார்.

முதலில் மின்கம்பியைச் சோதிக்க வேண்டும் என்றாள். அது மேசைக்கு அடியில், சுவரோரம் இருந்தது. தனக்கு முட்டிவலி என்றாள். வெள்ளை வேட்டி கட்டிய செயலாளர் மண்டிபோட்டு, தவழ்ந்து, அடியில் நுழைந்தார். பிடுங்கி, நூறு எண்ணி, மறுபடி செருகச் சொன்னாள். எண்ணுவது காதில் விழ வேண்டும் என்றும் சொன்னாள். மேசைக்கு அடியிலிருந்து அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று குரல் வந்துகொண்டிருந்தபோது, தங்கக்கனி கொடுத்த காப்பியை அவள் ஆற்றிக் குடித்தாள். நல்ல காப்பி. எழுபதுகளில் எண்ணிக்கை ஒரு எண்ணைத் தாண்டிப் போனது. முதலில் இருந்து எண்ணச் சொன்னாள்.

"இப்போ என்ன தெரியுது, அண்ணாச்சி?"

"தெரியலம்மா."

பிறகு திரைக்கும் பெட்டிக்கும் இடையிலான கம்பியைக் கழற்றி மாட்டச் சொன்னாள். பிறகு பெட்டியைத் திறந்து வாயால் ஊதச் சொன்னாள். பதினெட்டு ஆண்டுத் தூசி ஒரே மூச்சில் கிளம்பி அவர் மீசையிலும் புருவத்திலும் அடைந்தது. குலசைக்குப் போகாமலே வேஷம் கட்டியாகிவிட்டது. பிறகு நினைவுத்தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்க்க வேண்டும் என்றாள். இது நூறு ஆண்டாக எல்லாக் கணினி வைத்தியர்களும் செய்கிற வேலைதான். ரப்பர் மட்டும் வைத்தியர் பையில் இருக்கும். அவள் அதைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டு, தன்னிடம் இல்லை என்றாள்.

முகமெல்லாம் தூசியோடு செயலாளர் மூன்று மாடிகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டி அழிரப்பர் கேட்டார். எதற்கு என்று ஒவ்வொரு கதவும் கேட்டது. பதினொரு மணிக்குள் குடியிருப்பு முழுக்கச் சேதி பரவிவிட்டது. இரண்டு பேர் சும்மா அந்தப் பக்கம் வந்ததுபோல வாசலில் நின்று, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். வைகுண்டமணி தகட்டைத் தேய் தேய் என்று தேய்த்தார். விரல் சிவந்தது.

அவர் கெஞ்சுகிற கட்டம் வரும்வரை சண்முகவடிவு பொறுத்திருந்தாள். அது பன்னிரண்டரைக்கு வந்தது.

"வடிவு, எப்படியாச்சும் நாலு மணிக்குள்ள ஓட வச்சிரும்மா. ஒங்கிட்ட கும்பிட்டுக் கேக்கேன்."

அவள் நோக்குக்கண்ணின் பக்கம் குனிந்து பார்த்தாள். சந்தன வாசனை அடித்தது. தலையை மெதுவாக ஆட்டினாள். கண் செத்துப்போய்விட்டது, புதிய கண் வர நான்கு நாளாகும், அதுவரை தற்காலிகப் பார்வைக்கு மாற்றித் தரலாம், ஒரு கைரேகை வேண்டும் என்றாள். படிவம் பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் 'அனைவர் பார்வைக்கும்' என்ற சொற்கள் இருந்தன. வைகுண்டமணி எல்லாரையும்போல முதல் பக்கத்தில் கட்டைவிரலை வைத்தார்.

திறவுகோல் உள்ளே போனது. திரை ஒளிர்ந்தது. அவருக்குத் தெரிந்தது எல்லாம் வழக்கம்போலத்தான். அவர் கண் கலங்கிவிட்டது. சண்முகவடிவு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், தன் கண்ணும் திரையைப் பார்ப்பதை அவர் கவனித்துவிடக் கூடாதே என்று. கூட்டம் முடிந்ததும் பூட்டித் தருவதாகவும், எதற்கும் அதுவரை தானும் பக்கத்திலேயே இருப்பதாகவும் சொன்னாள். கணினியோடு அவளும் கூடவே கூடத்துக்கு இறங்கினாள். அவ்வளவு அக்கறை.

கடலலைச் சங்கத்தின் விதிகளில் பதினோராவது, 'செயலாளர் வாசிக்கும் ஆவணம் சபையோர் காணும்படி வைக்கப்பட வேண்டும்' என்பது. பழைய திரைகளின் காலத்தில் எழுதியது. நோக்குத்திரை வந்த பிறகு அதை நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் ஒவ்வொரு ஆண்டும் திரை மேடையில் சபையைப் பார்த்தபடி வைக்கப்படும். செயலாளர் கீழே, முதல் வரிசைக்கு முன்னால், சபைக்கு முதுகைக் காட்டி நின்று அதைப் பார்த்து வாசிப்பார். நாற்பது குடும்பங்கள் ஒரு கரும்பலகையை மரியாதையோடு பார்த்துக்கொண்டு கொட்டாவி விடும்.

அன்று நான்கு மணிக்கு யாரும் கொட்டாவி விடவில்லை.

இந்த இடத்தில்தான் சண்முகவடிவின் கணக்கு கொஞ்சம் தப்பியது. திரை தெரிந்ததும் கூச்சல் கிளம்பும் என்று நினைத்திருந்தாள். கிளம்பவில்லை. பதினெட்டு ஆண்டு பழக்கம் அப்படி. திரை என்றால் ஒருவர் கண்ணுக்குத்தான். ஆகவே அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும், ஏதோ கோளாறில் தன் கண்ணுக்கு மட்டும் செயலாளரின் திரை தெரிகிறது என்றே நம்பினார்கள். கிடைத்த அதிர்ஷ்டத்தைப் பக்கத்தில் சொல்வார்களா? மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், இமைக்காமல் பார்த்தார்கள். வைகுண்டமணிக்கு இவ்வளவு அமைதியான சபை வாய்த்ததில்லை. தன் பேச்சு இந்த ஆண்டு நன்றாக அமைந்துவிட்டது என்று நினைத்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"அடுத்தது, புகார்கள்," என்று சொல்லிப் புகார்ப் பதிவேட்டைத் திறந்தார். திரை நிறைய வரிகள். நாள், புகார், யார்மேல், எழுதியவர் யார். நான்காவது கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் முழுப்பெயர், வீட்டு எண்ணோடு.

வைகுண்டமணி அதைப் பார்த்தபடியே கணீரென்று வாசித்தார்: "இவ்வாண்டும் நம் குடியிருப்பில் புகார் என்று ஒன்றுகூட வரவில்லை. நாற்பது வீடும் ஒரே குடும்பமாக வாழ்ந்து வருகிறோம்."

பழைய வரிகளைத் தள்ளிக்கொண்டே போனார். அது அவருக்குப் பழக்கம். யாரும் பார்க்காத நேரத்தில் ஒருவர் காது குடைவதுபோல. 'முப்பத்திரண்டாம் எண் வீட்டில் பாட்டு வகுப்பு என்ற பெயரில் தொல்லை.' எழுதியவர், முப்பத்திரண்டாம் வீட்டில் பாட்டுக் கற்றுக்கொள்பவரின் தாய். 'பொருளாளர் மின்தூக்கியில் வெற்றிலை துப்புகிறார்.' எழுதியவர், பொருளாளரின் சம்பந்தி.

சண்முகவடிவு நாள் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு ஆண்டுக்கு முந்தைய ஆவணி வர வேண்டும். இன்னும் கொஞ்சம். வந்தது. 'சண்முகவடிவு திருட்டுத்தனமாகத் திறவுகோலைச் செருகி.' எழுதியவர்: இசக்கியம்மாள், வீட்டு எண் பதினேழு.

மறுபடி படித்தாள். பதினேழுதான். தூக்குச்சட்டிக் குழம்பு நினைவுக்கு வந்தது. அந்தக் குழம்பின் ருசியும் வந்தது.

அவள் திரும்பினாள். மூன்றாவது வரிசையில் இசக்கியம்மாள் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் பிடிபட்ட பயம் இல்லை. அதைவிடச் சூடான வேறொன்று இருந்தது. சண்முகவடிவு மறுபடி திரையைப் பார்த்தாள். தன் பெயர் இருந்த வரிக்கு நேர் மேலே, அதற்கு ஒரு மாதம் முந்தைய வரி. 'மொட்டைமாடியில் கருவாடு காயப்போட்டு நாற்றம். தடுக்கவும்.' யார்மேல், இசக்கியம்மாள். எழுதியவர், சண்முகவடிவு.

அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. ஒரு நாள் மாலை, தலைவலியோடு, இரண்டு நிமிடத்தில் எழுதியது. மறுவாரம் வைகுண்டமணி மொட்டைமாடிக்குப் பூட்டு போட்டார். இசக்கியம்மாள் பதினைந்து ஆண்டாகச் செய்துவந்த கருவாட்டு வியாபாரம் அதோடு முடிந்தது. அப்போது அவள் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னவளும் சண்முகவடிவுதான்.

"ஏளா வடிவு," என்று இசக்கியம்மாள் எழுந்து நின்றாள். "மாடிக்குப் பூட்டு போட வச்சது நீதானாளா? நா நீதான் எழுதிருப்பேன்னு சும்மா ஒரு சந்தேகத்துலதாம் ஒம்மேல எழுதினேன். ஏழு வருசமா, பாவம், தப்பா எழுதிட்டமேன்னு ஒனக்குக் கொழம்பு சொமந்தேன்."

"ஒனக்கும் தெரியுதா?" என்றார் பின்வரிசையில் ஒருவர், பெரிய சொத்தைப் பங்குபோட வேண்டியவர்போல.

அவ்வளவுதான். எல்லாருக்கும் தெரிகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நாற்பது குடும்பமும் ஒரே நேரத்தில் எழுந்தன. யாரோ ஓடிப்போய்த் தோளில் கிடந்த துண்டைத் திரைமேல் போட்டார். பச்சைக் கரை, ஓரத்தில் கிழிசல். சண்முகவடிவுக்கு அந்தத் துண்டைத் தெரியும். போட்ட வேகத்தில் இன்னொருவர் அதை இழுத்து எறிந்தார், என்மேல் யார் எழுதினான் என்று பார்க்காமல் மூடவிட மாட்டேன் என்று. ஒருவர் மின்கம்பியைப் பிடுங்கப் போக, நான்கு பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தான் எழுதியதை மட்டும் மூடு, தன்மேல் எழுதியதை மட்டும் திற. இந்த இரண்டும் கலந்த கூச்சல்தான் கூடம் முழுக்க.

சண்முகவடிவு மேடைக்கு ஓடினாள். பூட்டிவிட வேண்டும். பூட்டுவது எளிது. நோக்குக்கண் உடையவரைப் பார்க்கும், அவர் விழிக்குள் மட்டும் பன்னிரண்டு எழுத்துகளைக் காட்டும், அவர் அதை உரக்கப் படிப்பார், திரை மற்றவர்களுக்குக் கருப்பாகிவிடும். வைகுண்டமணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து திரைக்கு முன்னால் நிறுத்தினாள். கண் அவரைத் தேட வேண்டுமே. அவசரத்தில் முந்தானையால் திரையின் நெற்றியை ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்தாள்.

செத்துப்போன நோக்குக்கண் பச்சையாக மின்னியது.

வைகுண்டமணி அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தார். அவள் முந்தானையில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தார். ரப்பர் தேய்த்துச் சிவந்த தன் விரலைப் பார்த்தார். காலையிலிருந்து குளிக்க நேரமில்லாததால் மீசைத் தூசி அப்படியே இருந்தது. பொய் வாசித்த செயலாளர் என்ற கெட்ட பெயர் அவருக்கு அன்று உறுதியாகிவிட்டது, இனி அதில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. அது அவருக்கு எங்கிருந்தோ ஒரு நிம்மதியைக் கொடுத்தது.

"அண்ணாச்சி, எழுத்து வருதுல்லா? படிங்க. ஒங்களக் கும்பிடுதேன்," என்றாள் சண்முகவடிவு. "என்ன தெரியுது, அண்ணாச்சி?"

எழுத்துகள் அவர் விழிக்குள் வந்துகொண்டிருந்தன. அவர் விழி இடமிருந்து வலமாக நகர்ந்ததை அவளே பார்த்தாள். பன்னிரண்டையும் படித்து முடித்துவிட்டு, தலையை மெதுவாக ஆட்டினார்.

"ஒண்ணும் தெரியலம்மா."

உடையவர் என்ன சொல்கிறாரோ அதுவே முடிவு. வைகுண்டமணி கூடத்து வாசலுக்கு நடந்தார். கூட்டத்துக்கு வந்தவர்களை வரவேற்க வைத்திருந்த தட்டில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. மோதிர விரலால் நிறைய எடுத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பி வந்து, திரையின் நெற்றியில், சரியாக நடுவில், பொறுமையாக அப்பினார். நடுவே குங்குமம் வைக்கவும் மறக்கவில்லை. பச்சைப் புள்ளி மறைந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளிக்க வீட்டுக்குப் போனார்.

பூட்டாத திரையை விட்டு நகர முடியாத சண்முகவடிவு ஒரு நாற்காலியை இழுத்து அதன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். யாரும் கலையவில்லை. முதலில் வெளியே போகிறவரின் வரியைத்தான் மற்றவர்கள் முதலில் படிப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பொதுக்கூட்டத்துக்கு வந்த நாற்பது குடும்பமும் கடைசிவரை உட்கார்ந்திருந்தது கடலலைக் குடியிருப்பின் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

இசக்கியம்மாள் மட்டும் ஒருமுறை எழுந்து போய்விட்டுத் தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தாள். சண்முகவடிவுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு, சட்டியைத் திறந்து, திரையில் ஒவ்வொரு வரியாகப் படித்தபடி, தனக்குத்தானே பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். கருவாட்டுக் குழம்பு. கூடம் முழுக்க மணத்தது. யாரும் புகார் சொல்லவில்லை.